சோணைமுத்து சொன்ன பொய் என்னுடையது

கடந்த செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் அரிசி ஆலையின் எடைமேடையில் நெல் லாரி ஒன்று ஏறி நின்றது. நான் எடையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. பேசியவர் தேன்மொழி. சோணைமுத்து அவர்களின் ஒரே மகள். மதுரையில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறார்.

"சார், அப்பா விடியக்காலம் போயிட்டாங்க. ஊருக்குக் கொண்டுட்டு வாரோம்" என்றார்.

நான் "சரிம்மா" என்றேன். லாரி ஓட்டுநர் கீழே நின்றபடி எடை எவ்வளவு என்று கேட்டார். படித்துச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு போனார். அடுத்த லாரி ஏறியது. அதற்கும் படித்துச் சொன்னேன். மூன்றாவது வண்டி வந்தபோதுதான் எண் கண்ணில் தெரியாமல் போயிற்று. எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சோணைமுத்து அவர்கள் பரவைக்கு மேற்கே உள்ள எங்கள் ஆலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பாய்லர் ஓட்டியவர். நெல்லை அவிக்க நீராவி வேண்டும். நீராவிக்கு உமியை எரிக்க வேண்டும். அந்த நெருப்புக்குப் பொறுப்பாளி அவர். பாய்லர் ஓட்டுவதற்கு அரசாங்கத் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கியவர். பேரையூர்ப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் பிறருக்குக் கூலி வேலை செய்த குடும்பத்திலிருந்து அப்படி ஒரு சான்றிதழ் வாங்கிய முதல் ஆள்.

இந்தக் கட்டுரை முழுவதும் அவரை 'அவர்' என்றே எழுதுகிறேன். என்னைவிட ஏழு வயது மூத்தவர். ஆனால் அவர் உயிரோடு இருந்தவரை நான் அவரை 'நீ' என்றேன். கோபம் வந்தால் 'டா' போட்டேன். நாங்கள் காடு கரை வைத்திருந்த குடும்பம். அந்த நினைப்பு என் நாக்கில் இருந்தது. அவர் அதற்கு ஒருநாளும் முகம் சுளித்ததில்லை என்பதால் அது சரி என்று ஆகிவிடாது.

பதினாறாம் நாள் படத்திறப்புக்குச் சின்னதாக ஒரு நினைவு மலர் போடுவதாகவும், அதில் நான் எழுத வேண்டும் என்றும் தேன்மொழி கேட்டார். நான் தயங்கினேன். "அப்பாவப் பத்தி எழுதுங்க சார். ஆனா முழுசா எழுதுங்க" என்றார். முழுசாக எழுத முயல்கிறேன்.

அவர் வேலை கேட்டு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது என் அப்பாதான் முதலாளி. நான் கல்லூரி முடித்துவிட்டு வந்து கணக்கு அறையில் உட்காரத் தொடங்கியிருந்தேன். அப்பா அவரிடம் சான்றிதழைக் கேட்டார். அவர் அதை மேசையில் வைத்துவிட்டு, ஒரு தடவை பாய்லரைச் சுற்றிப் பார்த்து வரலாமா என்று கேட்டார். போனவர் அரை மணி நேரம் கழித்து வந்தார். நீராவி போகும் குழாய்கள் எல்லாம் வெறுங்குழாயாக இருப்பதைப் பார்த்திருக்கிறார். பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் சுடும். அந்தச் சூட்டுக்குப் பயந்து ஆட்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். அதுதான் ஆலையின் இயல்பு என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

"அய்யா, இம்புட்டுச் சூட்டையும் காத்துக்குத் தானம் பண்ணுறீகளே" என்றார்.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேலை கொடுத்துவிட்டார்.

இரண்டு மாதத்தில் அந்தக் குழாய்கள் அத்தனைக்கும் கண்ணாடிப் பஞ்சு சுற்றித் தகரம் போர்த்திவிட்டார் சோணைமுத்து. நெல்லை அவித்து முடித்த நீராவி, கொதிக்கும் தண்ணீராகிச் சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து மறுபடி பாய்லர் தொட்டிக்கே திருப்பினார். பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைப்பதைவிடச் சுடுதண்ணீரைக் கொதிக்கவைப்பது எளிது. இதைச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது எங்களுக்கு. நாளுக்குப் பத்து மூட்டை உமி எரிந்த இடத்தில் ஏழு மூட்டை போதும் என்று ஆயிற்று.

மோட்டார் விஷயத்திலும் அப்படித்தான். எங்கள் ஆட்கள் காலையில் எல்லா மோட்டாரையும் போட்டுவிட்டால் சாயங்காலம்தான் நிறுத்துவார்கள். நெல் வராத நேரத்திலும், நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டர் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். சோணைமுத்து பாய்லர் வீட்டிலிருந்து நடந்து வந்து நிறுத்துவார். அவருடைய வேலை இல்லை அது. ஒருமுறை மேஸ்திரி சண்டைக்குப் போனார். அவரிடம் சோணைமுத்து சொன்னதை ஆலையில் எல்லோரும் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: "வெறும்னே சுத்துற மோட்டாரும் வேலை செய்யிற மாதிரிதான்ணே சத்தம் போடும். நாமதான் பாத்து நிறுத்தணும்."

ஆலைக்குக் கிழக்கே ஒரு தெரு இருக்கிறது. நாற்பது வீடுகள். கூலி வேலைக்காரர்கள், எங்கள் ஆலையில் மூட்டை தூக்குபவர்கள், பரவைச் சந்தையில் காய்கறி விற்பவர்கள் இருக்கிறார்கள். சோணைமுத்து அவர்களும் அவர் மனைவி பஞ்சவர்ணமும் அந்தத் தெருவில் குடி வந்தார்கள். ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது எங்கள் புகைபோக்கியிலிருந்து கிளம்பும் எல்லாமும் அந்தத் தெருவின்மேல்தான் போகும்.

உமி எரிந்தால் சாம்பலோடு பாதி எரிந்த கருக்கும் பறக்கும். அது வெளியே போகாமல் தடுக்கத்தான் புகைபோக்கிக்கு முன்னால் பெரிய இரும்புக் கூம்பு ஒன்று இருக்கும். புகை அதற்குள் சுழலும்போது சாம்பல் பக்கச்சுவரில் மோதிக் கீழே விழுந்துவிடும். சாம்பல் உரசி உரசி அந்தக் கூம்பின் தகடு தேய்ந்துபோகும். எங்கள் கூம்பு என் அப்பா காலத்திலேயே தேய்ந்துவிட்டது. அப்பா இறந்து ஆலை என் கைக்கு வந்தபோது அதில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டைகள் இருந்தன.

கூம்பை மாற்ற வேண்டும் என்று சோணைமுத்து என்னிடம் வந்து சொன்னார். அதே வருடம் நான் அரிசியில் கறுப்பு மணிகளைப் பார்த்துப் பொறுக்கித் தள்ளும் புது இயந்திரம் வாங்க நினைத்திருந்தேன். நகரத்தில் அரிசி வெள்ளையாக இருந்தால்தான் விலைபோகும். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இயந்திரத்தை வாங்கினேன். எங்கள் அரிசியில் ஒரு கறுப்பு மணி இல்லாமல் ஆயிற்று. கிழக்குத் தெருவில் சோற்றுப்பானையைத் திறந்துவைக்க முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்போது நாங்கள் ஆலையை ஒட்டியே குடியிருந்தோம். என் மகளுக்கு மூன்று வயதில் வீசிங் வந்தது. மருத்துவர் தூசி இல்லாத இடத்துக்குப் போகச் சொன்னார். ஒரு மாதத்துக்குள் மதுரைக்குள் வீடு பார்த்துக் குடிபோய்விட்டேன். சாமான்களை ஏற்றிய அன்று சோணைமுத்துவும் வந்து கை கொடுத்தார். "நல்ல முடிவு மொதலாளி. பிள்ளைக்கு இந்தக் காத்து ஆகாது" என்றார். அவருடைய மகள் தேன்மொழி அப்போது பத்தாம் வகுப்பு. அதே காற்றில்தான் படித்துக்கொண்டிருந்தார். சோணைமுத்து சொன்னதில் குத்தல் எதுவும் இல்லை. அதனால்தான் அது இன்றைக்கும் குத்துகிறது. ஆகாத காற்று என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

இரண்டு ஆடி போயிற்று. கிழக்குத் தெருவில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கும் ஈஸ்வரி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி மாவட்ட அலுவலகத்தில் மனுக் கொடுத்தார். இன்ன நாளில் நேரில் விசாரிக்க வருவதாகத் தெருவுக்கும் எனக்கும் ஒரே மாதிரிக் கடிதம் வந்தது.

நான் சோணைமுத்துவை என் அறைக்குக் கூப்பிட்டேன். அன்றைக்கு உமி வேண்டாம், காய்ந்த விறகை வைத்து மெதுவாக எரி என்றேன். பாதி நெல்தான் அவிக்கப்போகிறோம் என்றேன். பிறகு, நீ அந்தத் தெருவிலேயே குடியிருக்கிறவன், நீ ஒரு வார்த்தை சொன்னால் அதிகாரிகள் கேட்பார்கள், சாம்பல் விழுவதில்லை என்று சொல்லிவிடு என்றேன்.

அவர், "சொன்னா, கூம்ப மாத்தீருவீகளா?" என்று கேட்டார்.

"பொங்கலுக்குள்ள மாத்திருவேன்" என்றேன்.

"எங்கிட்டச் சொல்லுறீக மொதலாளி. நெசமாச் சொல்லுறீகளா?"

"நெசமாத்தான் சொல்றேன்."

அந்த நேரத்தில் நான் நிஜமாகத்தான் சொன்னேன் என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது. அதனால் எந்த ஆறுதலும் இல்லை.

விசாரணை நாளில் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். தெரு முழுவதும் கூடியிருந்தது. ஈஸ்வரி கறுப்புப் புள்ளி விழுந்த சேலைகளைக் கொண்டுவந்து காட்டினார். அதிகாரிகள் அண்ணாந்து பார்த்தார்கள். புகைபோக்கியில் மெல்லிய புகைதான் தெரிந்தது. சோணைமுத்து வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். பதினைந்து வருடமாக இந்தத் தெருவில் குடியிருப்பதாகவும், தன் வீட்டில் சாம்பல் விழுந்ததில்லை என்றும், நான் சொல்லிக்கொடுத்ததை ஒரு சொல் மாறாமல் சொன்னார்.

ஈஸ்வரி அவரைத் திட்டவில்லை. "தெனமும் பஞ்சவர்ணம் மதினி கண்ணுல விழுந்த தூசிய எடுத்துவிடுறது நான்தாண்ணே" என்று மட்டும் சொன்னார்.

சோணைமுத்து தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரிகள் கேட்டதையும் பார்த்ததையும் எழுதிக்கொண்டு போனார்கள். நான் ஆலைக்குத் திரும்பி வந்து எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுக்கச் சொன்னேன். அவர் குடிக்கவில்லை.

பொங்கல் வந்தது. கூம்பை மாற்றவில்லை. அந்த வருடம் நெல் விலை ஏறியிருந்தது என்று ஒரு காரணம். அடுத்த வருடம் இன்னொரு காரணம். அவர் ஞாபகப்படுத்தினார், சண்டை போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாய்லர் ஆறியிருக்கும். அன்றைக்கு வந்து, கூம்புக்குள் இறங்கி, தகரத் துண்டுகளை வைத்து ஓட்டைகளை அடைப்பார். மூக்கில் ஈரத்துண்டு ஒன்றைக் கட்டிக்கொள்வார். அவ்வளவுதான் பாதுகாப்பு. ஒரு வாரம் தாங்கும், மறுபடி பிய்ந்துவிடும். மறுபடி ஞாயிற்றுக்கிழமை இறங்குவார். நான் இறங்கச் சொல்லவில்லை. இறங்காதே என்றும் சொல்லவில்லை.

இதற்கிடையே தெருவில் என்ன நடந்தது என்பதை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. அந்த நாளுக்குப் பிறகு அவர் வீட்டுக்கு யாரும் விசேஷத்துக்குச் சொல்லவில்லை. குழாயடியில் பஞ்சவர்ணம் குடத்தோடு போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். சம்பளத்துக்குத் தெருவை விற்றவர் என்று அவருக்குப் பெயர் ஆயிற்று. அவர் அதை எங்கும் மறுக்கவில்லை.

இதை எழுதுவதற்காகக் கேட்டபோது பஞ்சவர்ணம் அம்மாள் ஒன்று சொன்னார். தெருவிளக்குகளை அணைக்கிற சுவிட்ச் பெட்டி தெருமுனைக் கம்பத்தில் இருக்கிறது. அணைக்க வேண்டியவர் நினைத்த நேரத்துக்கு வருவார். சூரியன் உச்சிக்கு வந்தும் விளக்குகள் எரியும். சோணைமுத்து பஞ்சாயத்தில் கேட்டு அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டு, தினமும் விடிந்ததும் போய் அணைப்பாராம். யாருமே முகம் கொடுத்துப் பேசாத அந்த வருடங்களிலும் ஒருநாள் தவறியதில்லை. உங்களோடு பேசாத தெருவுக்கு இது எதற்கு என்று பஞ்சவர்ணம் அம்மாள் கேட்டிருக்கிறார். அதற்கு அவர், "இங்கிட்டுச் சும்மா எரியுற வெளக்குக்கு எங்கிட்டோ கரி எரியுதுல்ல? அங்கிட்டும் ஒரு தெரு இருக்கும்ல, சாம்பல் விழுக?" என்றாராம்.

நான் இயந்திரவியல் படித்தவன். எனக்கு இது தோன்றியதில்லை.

இருமல் எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. நான் கவனித்தபோது படியேறினால் மூச்சு வாங்குகிற நிலைக்கு வந்திருந்தார். பீடி, சிகரெட் தொடாதவர். தேன்மொழி செவிலியர் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்தார். அவர்தான் அப்பாவை நுரையீரல் மருத்துவரிடம் கூட்டிப்போனார். நுரையீரல் தழும்பேறிச் சுருங்கிக்கொண்டிருக்கிறது என்றார்கள். இன்னதால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார்கள். அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பல மாதம் அதை வைத்துக்கொண்டுதான் தூங்கினேன்.

ஓர் ஆடி மாதம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் என் அறைக்கு வந்தார். கையில் ஒரு தாள். அதை மாவட்ட அலுவலகத்தில் கொடுக்கப்போவதாகச் சொன்னார். உங்களுக்குத் தெரியாமல் கொடுக்க மனசு வரவில்லை, படிக்கிறேன், கேளுங்கள் என்றார். நின்றுகொண்டே படித்தார். நடுநடுவே மூச்சுக்காக நிறுத்தினார். முன்பு விசாரணையில் தான் சொன்னது பொய் என்றும், தினமும் தெருவில் சாம்பல் விழுகிறது என்றும், கூம்பில் ஓட்டைகள் இருக்கின்றன என்றும், எங்கெங்கே இருக்கின்றன என்றும் எழுதியிருந்தார்.

என் பெயர் அதில் இல்லை. சொல்லச் சொன்னது யார் என்பது இல்லை. 'நான் பொய் சொன்னேன்' என்று மட்டும் இருந்தது.

அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் உண்மை அதுதான். நிம்மதிக்குப் பிறகுதான் கோபம் வந்தது.

"இந்தப் பேப்பரோட வெளிய போனா, திரும்ப உள்ள வராத" என்றேன்.

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "வாரேன் மொதலாளி. ரெண்டாவது வால்வு கசியுது. கணேசன்கிட்டச் சொல்லியிருக்கேன், பாத்துக்கிருவாப்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். கணேசன் என்பவர் அவரிடம் உதவிக்கு இருந்து, பின்னால் அவர் இடத்துக்கு வந்தவர்.

அதிகாரிகள் மறுபடி வந்தார்கள். இந்த முறை ஏணி வைத்து மேலே ஏறிப் பார்த்தார்கள். கூம்பை மாற்றும்வரை ஆலை ஓடக்கூடாது என்று உத்தரவாயிற்று. ஒரு மாதம் மூடிக் கிடந்தது. வேலை இழந்த ஆட்கள் அவரைத்தான் திட்டினார்கள், நான் தடுக்கவில்லை. தெருக்காரர்களும் மனம் மாறவில்லை. ஆலையை விட்டுத் துரத்தியதும் அந்தக் கோபத்தில் எழுதிக் கொடுத்துவிட்டான் என்று பேசிக்கொண்டார்களாம். வரிசையே தலைகீழ். எழுதியதற்காகத்தான் நான் துரத்தினேன். அதைச் சொல்ல என் ஒருவனால்தான் முடியும். நான் சொல்லவில்லை.

புதுக் கூம்பு வந்தது. காற்று சீராக இழுத்ததால் நெருப்பு நன்றாக எரிந்தது; உமிச் செலவு இன்னும் குறைந்தது. கிழக்குத் தெருவில் துணி காயப்போட்டார்கள். அவர் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அத்தனையும் ஒரு மாதத்தில் நடந்து முடிந்தது.

அதற்கு அடுத்த வருடம் எங்கள் தொழில்காரர்கள் கூட்டத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். எரிபொருளையும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்தி, புகையில்லாமல் ஆலை நடத்துவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். குழாய்க்குப் பஞ்சு சுற்றியதை, சுடுதண்ணீரைத் திருப்பியதை, சும்மா ஓடும் மோட்டாரை நிறுத்தியதை எல்லாம் 'நாங்கள் செய்தோம்' என்று சொன்னேன். "எரிக்காத உமிக்குப் புகை கிடையாது" என்று ஒரு வாக்கியம் சொன்னேன். கைதட்டினார்கள். அது சோணைமுத்து அடிக்கடி சொல்லும் வாக்கியம். எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அந்த நேரத்தில் அவர் தேன்மொழியின் வீட்டில் பிராணவாயுக் குழாயோடு உட்கார்ந்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. தெரிந்திருந்தாலும் சால்வையை வாங்கிக்கொள்ளத்தான் செய்திருப்பேன்.

தேன்மொழி வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறார். மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு சாயங்காலம் நான் அங்கே போனேன். கணேசன்தான் என்னை நச்சரித்து அனுப்பினார். வீட்டில் புழுக்கமாக இருக்கிறது என்று தெப்பக்குளத்துக் கட்டைச்சுவரில் அவரைக் கொண்டுவந்து உட்காரவைத்திருந்தார்கள். பக்கத்தில் சின்னச் சிலிண்டர். குளம் நிறையத் தண்ணீர் கிடந்தது. அவர் பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். நான் தோளைப் பிடித்து உட்காரவைத்தேன். என் நினைவில் நான் அவரைத் தொட்டது அன்றைக்குத்தான்.

புதுக் கூம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். தகடு எவ்வளவு கனம் என்று கேட்டார். சொன்னேன். நல்ல தகடுதான், ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை உள்ளே பார்க்கச் சொல்லுங்கள், இறங்குகிற ஆளுக்கு நல்ல முகமூடி வாங்கிக் கொடுங்கள் என்றார். நான் தலையாட்டினேன். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். வாய் வரவில்லை. அவர்தான் பேசினார்.

"எனக்கு ஒன்னு செய்யணும் மொதலாளி."

"சொல்லு."

"ஒருநா நம்ம தெருவுக்கு வந்து, நான் சொல்லச் சொல்லித்தான் சோணைமுத்து அன்னைக்கு அப்படிச் சொன்னான்னு ஒரு வார்த்தை சொல்லீருங்க. பொய் சொன்னது நான்தான், இல்லைங்கல. அந்தப் பாவத்த நான் சொமந்துக்கிறேன். ஆனா பஞ்சவர்ணம் என்ன செஞ்சா? நான் போனதுக்கப்புறம் அவ அந்தத் தெருவுலதான இருக்கணும்."

இவ்வளவையும் சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் குளத்தைப் பார்த்துக்கொண்டு, அடுத்த வாரம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் கும்பிட்டார்.

அடுத்த வாரம் ஒரு கல்யாணம் வந்தது. அதற்கடுத்த வாரம் தீபாவளி. பிறகு மழை, பிறகு நெல் வரத்து. ஆலையிலிருந்து கிழக்குத் தெருவுக்கு நடந்து போனால் ஐந்து நிமிடம். மூன்று மாதத்தில் அந்த ஐந்து நிமிடம் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று எழுதுவதும் பொய். நாற்பது வீட்டுக்காரர்கள் முன்னால் நிற்க எனக்குப் பயம். அவரை நிற்கவைத்தபோது அந்தப் பயம் எனக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவரை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். நான் மாலையோடு நடந்துபோனேன். வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. தேன்மொழியின் உடன் வேலை பார்ப்பவர்கள் சிலர், பேரையூரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள், ஆலையிலிருந்து கணேசனும் நாலைந்து பேரும் இருந்தார்கள். தெருக்காரர்கள் எதிர்ப்பக்கம் சுவரோரமாக நின்றார்கள். வராமல் இருக்கவும் முடியாமல், பக்கத்தில் வரவும் முடியாமல் நின்றார்கள். பஞ்சவர்ணம் அம்மாள் தலைமாட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

மாலையை வைத்தேன். திரும்பி, சுவரோரமாக நின்றவர்களைப் பார்த்துப் பேசினேன். என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தது எதுவும் வாயில் வரவில்லை. அன்றைக்கு விசாரணையில் இவர் சொன்னது நான் சொல்லச் சொன்னது என்றேன். கூம்பை மாற்றுகிறேன் என்று வாக்குக் கொடுத்துச் சொல்லவைத்தேன், மாற்றவில்லை என்றேன். உண்மையை எழுதிக் கொடுக்கப் போவதாக என்னிடம் வந்து சொன்னதற்காகத்தான் வேலையை விட்டு அனுப்பினேன், நான் அனுப்பிய கோபத்தில் அவர் எழுதவில்லை என்றேன். இதை உங்களிடம் சொல்லச் சொல்லிக் கேட்டார், மூன்று மாதமாக நான் வரவில்லை என்றேன்.

எங்கோ ஒரு குழந்தை அழுதது. அதை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஈஸ்வரி என் முன்னால் வந்து நின்றார். அவர் கண்ணில் தண்ணீர் இல்லை.

"இத அவரு காதுல விழுகச் சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

அவர் பதிலுக்காக நிற்கவில்லை. என்னைத் தாண்டிப் பந்தலுக்குள் போய், பஞ்சவர்ணம் அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "மதினி" என்று ஒரு தடவைதான் கூப்பிட்டார். அதுவரை அழாமல் இருந்த பஞ்சவர்ணம் அம்மாள் ஓவென்று அழத் தொடங்கினார். சுவரோரமாக நின்ற பெண்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். ஆண்கள் பாடை கட்டப் பச்சை மூங்கிலுக்கும் தென்னங்கீற்றுக்கும் போனார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தெருவே எடுத்துச் செய்கிற சாவாக மாறிற்று.

எனக்கு யாரும் நாற்காலி போடவில்லை. போட்டிருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

சுடுகாட்டுக்குப் போகும் வழி எங்கள் ஆலையைத் தாண்டித்தான் போகிறது. கிளம்புவதற்கு முன் ஆட்கள் என்னிடம் வந்து, பாடை ஆலை வாசலுக்கு வரும்போது நீராவிச் சங்கை ஊதி மரியாதை செய்யலாமா என்று கேட்டார்கள். நான் சரி என்று சொல்ல இருந்தேன். கணேசன் வேண்டாம் என்றார். "அண்ணனுக்கு ஆவிய வீணாக்குனாப் பிடிக்காது. நிறுத்தீருவோம், அது போதும்" என்று சொல்லிவிட்டு எங்களுக்கு முன்னால் ஆலைக்கு ஓடினார்.

நாங்கள் வாசலை நெருங்கியபோது ஒவ்வொரு மோட்டாராக நின்றுகொண்டு வந்தது. முதலில் உமி உறிஞ்சும் விசிறி, பிறகு எலிவேட்டர்கள், பிறகு அரவை. கடைசியாகக் கறுப்பு மணி பொறுக்கும் இயந்திரமும் நின்றது. பட்டப்பகலில், நெல் வரத்து உச்சத்தில் இருக்கும் தை மாதத்தில், அந்த ஆலை அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. சாலையில் நடக்கும் கால்களின் சத்தம் கேட்டது. தேன்மொழி தீச்சட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். கிழக்குத் தெருவின் ஆண்கள் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்தார்கள். நானும் தோள் கொடுக்கலாமா என்று கேட்டேன். ஒருவர் விலகி இடம் விட்டார். உடம்பில் பாரமே இல்லை.

போய் வாருங்கள், சோணைமுத்து அண்ணே. இப்படி ஒருமுறைகூட உங்களை நான் கூப்பிட்டதில்லை.